காது மெஷின் மாட்டினால் வலிக்கிறது, தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கிறது என்று கடலூரில் இருக்கும் என் அம்மா கழற்றி வைத்துவிடுகிறார். போகப் போகப் பழகிவிடுமா?

வலி பழகாது, பழகவும் கூடாது. எனக்கும் முதல் மெஷின் வாங்கிய கடையில் "பழகிடும்" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். பழக வேண்டியது சத்தத்துக்கு மட்டும்தான். பல வருடமாகக் காதில் விழாத மிக்சி, பாத்திரம், பஸ் ஹாரன் எல்லாம் திடீரென்று உள்ளே வந்தால் மூளைக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். தோல் சிவப்பதும் புண்ணாவதும் வேறு விஷயம், பொருத்தியதில் எங்கோ கோளாறு, அதைச் சரிசெய்துதான் ஆக வேண்டும். புதுச்சேரியில் இருந்துகொண்டு இரண்டு காதிலும் மாட்டித் திரிகிறவள் என்கிற முறையில் சொல்கிறேன்.

முதலில் எங்கே வலிக்கிறது என்று அம்மாவை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பொதுவாக "காது வலிக்குது" என்றால், கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்தும் எந்த ஆடியாலஜிஸ்டும் என்னதான் செய்வார்? காதுக்குப் பின்னால் வலித்தால் பெரும்பாலும் மெஷினிலிருந்து காதுக்குள் போகும் டியூப் நீளம் போதவில்லை, அது மெஷினை இழுத்துக் காதோடு அழுத்துகிறது. டியூப் பழசாகிக் கெட்டியானாலும் இப்படித்தான் இழுக்கும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. காதுக்குள் ஒரே இடத்தில் குத்தினால், காதை அச்செடுத்துச் செய்த மோல்டு அக்ரிலிக்காக (கெட்டி பிளாஸ்டிக்) இருந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் தருவார்கள். சிலிகான் மெத்தென்றிருக்கும், ஆனால் தேய்ப்பது கஷ்டம், பொருந்தவில்லையென்றால் புதிதாகக் காதை அச்செடுப்பதுதான் நல்லது. மோல்டு இல்லாமல் சின்ன டோம் (மெத்தென்ற ரப்பர் நுனி) போட்டிருந்தால் அளவை மாற்றிப் பார்க்கலாம், இரண்டு காதுக்கும் ஒரே அளவு இருந்தாக வேண்டும் என்றில்லை.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். மோல்டின் மேல் நுனி காது மடலின் மடிப்புக்குள் போய் உட்காராமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தாலே நாள் முழுக்கக் குத்தும், மோல்டில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும். மற்றொரு கையால் மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடித்து மாட்டினால் சுலபமாக உள்ளே போகும். ஆரம்பத்தில் நீங்களே மாட்டிவிடுங்கள், அப்புறம் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நாம் பேசும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்குழாய்க்குள் வருகிறது, வந்தது வெளியே போக வழியில்லாமல் மோல்டு அடைத்துக்கொள்கிறது. மோல்டில் காற்றுத் துளையைப் பெரிதாக்கலாம், அல்லது ஓட்டை உள்ள திறந்த டோம் போடலாம். ஆனால் கேட்கும் திறன் ரொம்பக் குறைந்தவர்களுக்குத் துளை பெரிதானால் மெஷின் விசிலடிக்கும், அதனால் ஆடியாலஜிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும். தட்டு விழும் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், அதிகபட்ச சத்தத்தைக் கம்ப்யூட்டரில் குறைத்து வைக்க முடியும்.

நம் கடலோர ஊர்களில் வியர்வை ஒரு பெரிய தொல்லை. மத்தியானத்தில் ஒருமுறை கழற்றி, காதின் பின்புறத்தையும் மோல்டையும் உலர்ந்த துணியால் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். ராத்திரி பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள் (சார்ஜ் போடும் மெஷின் என்றால் அதற்கென்று உலர்த்தும் வசதியைக் கேட்டுப் பாருங்கள்). எண்ணெய்க் குளியல் அன்று தலையும் காதும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மெஷின். காதுக்குள் எண்ணெய் விடும் பழக்கத்தை தயவுசெய்து நிறுத்துங்கள். அம்மா மாட்டல் போடுகிறவர் என்றால் அது டியூபில் சிக்காத மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பக்கவாட்டில் உருவாமல் இரண்டு கையாலும் நேராக முன்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

வலி தீர்ந்ததும் வீட்டுக்குள், ஒரே ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசும் நேரத்தில் ஆரம்பியுங்கள். மார்க்கெட், கல்யாண மண்டபம் எல்லாம் கடைசியில்.

சர்க்கரை இருக்கிறவர் என்றால் காதுப் புண்ணைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீழ், நாற்றம், அரிப்பு எது இருந்தாலும் மெஷினைக் கழற்றிவிட்டு முதலில் இஎன்டி டாக்டர். அங்கே திருப்தியில்லையென்றால் பஸ் ஏறி இங்கே கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள், இஎன்டி பிரிவு இருக்கிறது.

புண் இல்லை, சிவப்பு மட்டும்தான் என்றால், ஆடியாலஜிஸ்டிடம் போகிற அன்று காலையிலிருந்தே மெஷினை மாட்டவிட்டுக் கூட்டிப்போங்கள். கழற்றியதும் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று அவர் கண்ணாலேயே பார்த்து அங்கே தேய்த்துவிடுவார்.