விதை மாற்றியவரும் வேட்டி மாற்றியவரும்

கேள்வி: எங்கள் தொகுதியில் நிற்கப்போகிற ஒருவர், 2011 வாக்கில் மேடை போட்டு, டெல்டா நிலத்துக்கு அடியிலிருந்து எரிவாயு எடுக்கிற மீத்தேன் திட்டத்தை ஆதரித்தவர். "பிள்ளைகளுக்கு வேலை வரும்" என்று அவர் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். இப்போது பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு அதே திட்டத்தைத் திட்டுகிறார். கேட்டால், "அன்றும் இன்றும் எனக்கு ஒரே பேச்சுதான்" என்கிறார். பேச்சு மாறியவருக்கு ஓட்டுப் போடலாமா?
— ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: தாராளமாகப் போடலாம். பேச்சு மாறியது எனக்குக் குற்றமாகப் படவில்லை. மாறவே இல்லை என்று சாதிக்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது.

2012 உங்களுக்கு நினைவிருக்கும். மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்காமல் செப்டம்பர் 17இல் திறந்தார்கள். கோட்டூர்ப் பக்கம் இருந்த என் சித்தப்பா, ஆடியிலேயே பொன்மணி என்கிற சி.ஆர். 1009 விதை நெல் மூட்டைகளை வாங்கி அடுக்கிவிட்டிருந்தார். இருபது வருடமாக சம்பாவுக்கு அந்த நெல்லைத் தவிர வேறு எதையும் தொடாதவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அணை திறந்த சேதி வந்த அன்று காலண்டரைக் கழற்றித் திண்ணையில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். தண்ணீர் நம் கடைமடைக்கு வர மாதக் கடைசியாகும். அப்புறம் விதைத்தால், நூற்றைம்பத்தைந்து நாள் நெல் அறுவடைக்கு வர மாசியில் பாதி தாண்டிவிடும். அணையை மூடுவதோ ஜனவரி 28. கடைசி ஒரு மாதத்துக்கு எதை இறைப்பது? சாயங்காலமே மூட்டைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, நூற்றுமுப்பது நாளுக்குள் வந்துவிடும் ஆடுதுறை 39 வாங்கினார்.

டீக்கடையில் சும்மா விடுவார்களா? "என்ன சித்தப்பா, பொன்மணியைக் கைவிட்டுட்டீங்களே" என்று ஒரே கிண்டல். "நெல்லு மேல எனக்கு என்னடா கோவம், தண்ணி வந்த தேதியைப் பாரு" என்றார். மூட்டைக்கு எவ்வளவு நஷ்டம் என்பதையும் கூடவே சொன்னார். அவர் மாற்றியது விதையை. சம்பா போட வேண்டும் என்ற எண்ணம் அப்படியேதான் இருந்தது.

வேட்பாளர்கள் அந்த பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். டெல்டாவில் வருடத்துக்கு ஒரு தடவையாவது மனதை மாற்றிக்கொள்ளாதவன் விவசாயம் செய்ய முடியாது. குறுவையை விட்டு ஒரு போக சம்பாவுக்குப் போகிறோம், நாற்றங்காலை விட்டு நேரடி விதைப்புக்குப் போகிறோம். அப்படி மாறியவரை யாரும் பச்சோந்தி என்று சொல்வதில்லை. அப்படிப்பட்ட ஜனங்களிடம் வந்து, முன் வைத்த காலைப் பின் வைக்காத பரம்பரை என்று மைக்கில் கத்துகிறார்கள்.

அரசியலில் இப்படி வெளிப்படையாக மாறியவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். "அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு" என்று முழங்கிய கட்சியின் தலைவர் அண்ணா. 1962 அக்டோபரில் சீனா படையெடுத்தது. அடுத்த வருடம், பிரிவினை பேசுகிறவர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் வந்தது. 1963இல் கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 'நாங்கள் அப்படிக் கேட்கவே இல்லையே' என்று அண்ணா மழுப்பவில்லை. கோரிக்கையைத்தான் விடுகிறோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார். எதை இறக்கி வைக்கிறார், எதைச் சுமந்துகொண்டு போகிறார் என்பது கேட்டவருக்குப் புரிந்தது. சட்டம் கழுத்தைப் பிடித்ததால்தானே மாறினார் என்பீர்கள். என் சித்தப்பாவின் கழுத்தைக் காலண்டர் பிடிக்கவில்லையா? (1967இல் அவர் ஜெயித்தது இதற்குப் பரிசு என்று கதை கட்ட மாட்டேன். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் இல்லாமல் அந்தத் தேர்தல் இல்லை. அதோடு, திராவிட நாடு நடக்கிற காரியமில்லை என்று 1961இலேயே சொல்லிக் கட்சியை விட்டுப் போன ஈ.வெ.கி. சம்பத்துக்கு அடுத்த தேர்தலில் ஜனங்கள் ஓட்டுப் போடவில்லை. முந்திச் சொன்னவருக்கு நம் ஊரில் மரியாதை கம்மி.)

இப்போது உங்கள் மீத்தேனுக்கு வருகிறேன். 2011 ஜனவரியில் தி.மு.க. ஆட்சியில் ஒப்பந்தம் போட்டார்கள். 2013இல் ஜெயலலிதா அரசு நிறுத்தி வைத்து நிபுணர் குழு போட்டது, 2015இல் திட்டமே வேண்டாம் என்றது. 2020இல், டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை போடுகிற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளைத் தொடவில்லை. இன்று டெல்டாவில் எந்தக் கட்சி மேடையிலும் மீத்தேனுக்கு ஆதரவாக ஒரு குரல் கேட்காது. நல்லது. ஆனால் கையெழுத்துப் போட்டபோது எதைக் கவனிக்காமல் விட்டோம், அப்புறம் யார் சொல்லித் தெரிந்தது என்று ஒருவர் உட்கார்ந்து சொன்னாரா? அது வெறும் ஆய்வுக்கான ஒப்பந்தம்தான் என்று ஒரு விளக்கம் வந்தது. அதை வைத்துக்கொண்டு அடுத்த ஒப்பந்தம் வரும்போது எதைப் பார்த்து உஷாராவது?

மீத்தேன் எதிர்ப்புப் பிரசாரத்தில் ஊர் ஊராக அலைந்து, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அத்திவெட்டியில் உயிரை விட்ட இயற்கை விவசாயி நம்மாழ்வாரும் மனம் மாறியவர்தான். கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் சம்பளம் வாங்கியவர். இந்த ஆராய்ச்சி ஏழை விவசாயிக்கு உதவாது என்று வேலையை விட்டார். எங்கே மாறினார், ஏன் மாறினார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அதனால்தான் அவர் சொன்னதை வரப்பில் உட்கார்ந்து கேட்டார்கள்.

கட்சி மாறுகிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீட்டு கிடைக்காத மறுநாள் காலையில் வேட்டியின் கரை மாறியிருக்கும், பேச்சு பழையதாகவே இருக்கும், வசவு மட்டும் விலாசம் மாறிப் போகும். அதற்காகத்தான் 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை: எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடலாம். நிஜமாகவே மனம் மாறிய எம்.எல்.ஏ.வும் சபையில் கையை மடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

நம் பக்கமும் தப்பு இருக்கிறது. ஒருவர் "நான் நினைத்தது தவறு" என்று வாயெடுத்தால் போதும், பழைய வீடியோவைத் தோண்டி எடுத்து, பல்டி என்று தலைப்பு வைத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறோம். பத்திரிகைக்காரனும் யோக்கியன் இல்லை. நேரடி விதைப்பு சோம்பேறி விவசாயம் என்று சில வருடம் முன்பு இதே பக்கத்தில் எழுதியவன் நான். நடவுக்கு ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போன வயலையும், அதற்கு அடுத்த வரப்பில் நேரடியாக விதைத்துப் பச்சைப் பிடித்து நின்ற வயலையும் ஒரே நாளில் பார்த்தேன். மாற்றிக்கொண்டேன். திருத்தத்தை எங்கே போட்டேன் தெரியுமா? கடைசிப் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, மூன்று வரி. ஆகவே உங்கள் வேட்பாளரைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எனக்குப் பாதிதான்.

அவர் பிரசார வேன் உங்கள் தெருவுக்கு வரும்போது, "ஏன் மாறினீர்கள்" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் மனப்பாடமாக இருக்கும். "எப்போது மாறினீர்கள், அன்றைக்கு எதைப் பார்த்தீர்கள், அதைச் சொன்னதால் உங்களுக்கு என்ன போயிற்று" என்று கேளுங்கள். தேதி சொன்னால் யோசிக்கலாம். தேதி சொல்லாமல் பக்கத்தில் நிற்கிற வட்டச் செயலாளரைத் திரும்பிப் பார்த்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இருந்த அவர் பெயரை வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். அவர் தன் கதையை எழுதி அனுப்பினால் முழுதாகப் போடுகிறேன். இந்தத் தடவை ராசிபலனுக்குக் கீழே இல்லை, இதே பக்கத்தில்.