திருமணப் புகைப்படத்தில் தோற்றம் முக்கியமா, உணர்வு முக்கியமா?

கல்யாண போட்டோ எடுப்பதுதான் என் தொழில். உணர்வுதான் என்பேன். ஆனால் ஆரம்பத்தில் நானும் தோற்றத்தின் கட்சிதான்.

ஒரு திருமணத்தில் மணமக்களை நிற்கவைத்து லைட் சரிசெய்துகொண்டிருந்தேன். பெண்ணின் செருப்பு வார் கழன்றுவிட்டது. அவள் உடுத்தியிருந்த உடையில் குனிய வழியில்லை. அக்கா ஓடிவந்து தரையில் உட்கார்ந்து மாட்டிவிட்டாள். விழுந்துவிடாமல் இருக்க இவள் அக்காவின் தலையைப் பிடித்துக்கொள்ள, "முடி போச்சுடி!" என்று அக்கா கத்த, இரண்டு பேருக்கும் அடக்கமுடியாத சிரிப்பு. கைப்பழக்கத்தில் இரண்டு ஃபிரேம் அடித்தேன். பிளாஷ் இல்லை, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400, படம் முழுக்க கிரெய்ன், அதாவது புள்ளி புள்ளியாக, ஓரத்தில் யாருடைய முழங்கையோ வேறு. ஆல்பத்தில் சேர்க்கவே இல்லை.

ஆல்பத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, அக்கா செருப்பு மாட்டிவிட்டாளே, அது எங்க?" நல்லவேளை, ஃபைலை அழித்திருக்கவில்லை.

துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே இப்படிப்பட்ட உண்மையான சிரிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். உதட்டை நினைத்தபோது விரித்துவிடலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை மனதார மகிழ்ந்தால்தான் சுருங்கும் என்றார். (அதையும் நடிக்கத் தெரிந்தவர்கள் உண்டு, அது வேறு விஷயம்.) அந்தத் தசை சுருங்கும்போதுதான் கண்ணோரம் கோடுகள் விழும். எடிட்டிங்கில் முகத்தை வழவழப்பாக்குகிறோம் என்று நாங்கள் முதலில் துடைப்பதும் அந்தக் கோடுகளைத்தான்! இப்போதெல்லாம் பரு, கீறல் தவிர முகத்தில் எதிலும் கைவைப்பதில்லை.

'கேண்டிட்' (போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பது) என்று கேட்டாலே போதும் என்று நினைக்காதீர்கள். "கேமராவைப் பார்க்காம சும்மா சிரிங்க" என்று சொல்லி எடுப்பதும் போஸ்தான்.

குரூப் போட்டோ வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரே ஃபிரேமில் குடும்பம் மொத்தமும் நிற்க வேறு வாய்ப்பு எப்போது வரும்? நான் அதை எடுத்து, "முடிஞ்சுது" என்று சொன்ன பிறகும் கேமராவை இறக்கமாட்டேன். விறைத்த தோள்கள் தளரும், யாராவது யாரையாவது கிண்டல் செய்வார்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடியில் தயாராக இருந்தால் போதும்.

போட்டோகிராபரை முடிவு செய்யும் முன் அவருடைய சிறந்த இருபது படங்களைப் பார்க்காதீர்கள். ஏதாவது ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பையும் காட்டச் சொல்லுங்கள். அதில் மணமக்கள் இல்லாத படங்கள் எத்தனை, அவற்றில் இருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.