ஹீலியம் விளக்கில் H⁺ ஏன் இவ்வளவு குறைவு?

ஹீலியம் விளக்கின் ஒளியை ஹைட்ரஜன் வாயுவில் பாய்ச்சினால், ஆற்றல் போதுமாக இருந்தும் H⁺ மிகக் குறைவாக வருகிறதே, டிடெக்டர் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். டிடெக்டர் பழுதில்லை. 21.22 எலக்ட்ரான் வோல்ட் ஒளியில் ஹைட்ரஜன் பெரும்பாலும் ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்த, உடையாத H₂⁺ ஆகத்தான் வரும், உடைந்து வரும் H⁺ (தனிப் புரோட்டான்) சில சதவீதமே.

உங்கள் கணக்கு சரிதான்: பிணைப்பை உடைக்க 4.48, அணுவை அயனியாக்க 13.60, மொத்தம் 18.08 எலக்ட்ரான் வோல்ட். ஆனால் ஆற்றல் போதும் என்பதால் மட்டும் மூலக்கூறு உடையாது. எலக்ட்ரான் கிளம்பும் நொடியில் கனமான அணுக்கருக்கள் நகர்வதில்லை, 0.074 நானோமீட்டர் இடைவெளியிலேயே நிற்கும். H₂⁺ விரும்புவது 0.106. அதனால் அது அதிர ஆரம்பிக்கும், அவ்வளவுதான். மிச்ச ஆற்றலை எலக்ட்ரான் எடுத்துக்கொண்டு போய்விடும் (திருடன் அதுதான்).

எலக்ட்ரான் நிறமாலையும் (எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான்கள் வருகின்றன என்ற வரைபடம்) எடுக்க முடிந்தால் பாருங்கள்:

1. H₂-இன் அயனியாக்க ஆற்றல் 15.43. எனவே 5.79-இல் (21.22 − 15.43) தொடங்கி, கீழ்நோக்கி நெருங்கிக்கொண்டே போகும் அதிர்வுச் சிகரங்கள் தெரிய வேண்டும்.
2. H⁺ உடன் வரும் எலக்ட்ரான்கள் 3.14-க்குக் (21.22 − 18.08) கீழே இருப்பவை மட்டும். அங்கே கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒன்று மட்டும்: சுமார் 30 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய ஒளிக்கு இது பொருந்தாது. அங்கே விலக்கு நிலை (இரு அணுக்கருக்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும் நிலை) வழியாக வேகமான H⁺ வரும். அயனிகளை டிடெக்டருக்கு இழுக்கும் மின்புலம் பலவீனமாக இருந்தால் அவை டிடெக்டரைத் தொடாமலே தப்பிவிடும்.