இரண்டாம் உலகப் போரில் சாதாரண ஜெர்மன் சிப்பாய்கள் எல்லாரும் நாஜிகளா?

"சண்டை போட்டது ராணுவம், கொலைகளைச் செய்தது நாஜி கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ். படை" என்று கல்லூரி நாட்களில் நானும் நம்பியவன்தான். படிக்கப் படிக்க அந்த நம்பிக்கை போய்விட்டது.

நாஜி கட்சியின் உறுப்பினர் அட்டையை வைத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. 1935ஆம் ஆண்டின் ராணுவச் சட்டப்படி, சேவையில் இருக்கும்வரை ஒருவருடைய கட்சி உறுப்பினர் உரிமை நிறுத்தி வைக்கப்படும். 1944 ஜூலை 20 அன்று ராணுவ அதிகாரிகளே ஹிட்லருக்குக் குண்டு வைத்த பிறகுதான் அந்த விதி மாறியது. ராணுவம் முழுவதற்கும் நாஜி சல்யூட் கட்டாயமானதும் அந்தச் சம்பவம் நடந்து நான்கே நாளில். ஆனால் ஸ்வஸ்திகாவைக் காலில் பற்றிய கழுகுச் சின்னம் 1934லேயே சீருடையில் ஏறிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 2 முதல் சிப்பாய்கள் சத்தியம் செய்தது நாட்டுக்கோ அரசியல் சட்டத்துக்கோ இல்லை, ஹிட்லர் என்ற தனி மனிதருக்கு.

கட்சிக்காரர்களைப் போர்முனைச் சிப்பாய்களுக்குப் பிடிக்காது என்பது உண்மை. பழுப்புச் சீருடையும் தங்க நிறப் பட்டைகளுமாக ஊரில் பத்திரமாக இருந்த கட்சிப் பெரியவர்களுக்கு 'கோல்ட்ஃபசான்' என்று பட்டப்பெயர். பொன்னிறக் காட்டுக்கோழி என்று அர்த்தம். ஆனால் இந்த எரிச்சல் ஹிட்லர் வரை போகவில்லை. "தலைவர் நல்லவர், கூட இருப்பவர்கள்தான் சரியில்லை" என்ற மனநிலை. மேற்குப் போர்முனையில் பிடிபட்டவர்களை நேச நாட்டு ராணுவம் விசாரித்தபோது, 1944 கடைசியில்கூடப் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஹிட்லரை நம்புவதாகத்தான் சொன்னார்கள்.

அவர்களுடைய வயதையும் பார்க்க வேண்டும். 1920இல் பிறந்தவனுக்கு ஹிட்லர் பதவிக்கு வந்தபோது 12, 13 வயதுதான். பள்ளிக்கூடம், ஹிட்லர் இளைஞர் படை, ஆறு மாதக் கட்டாய உழைப்புச் சேவை, அப்புறம் ராணுவம். வேறு அரசியலைக் காதால் கேட்கவே வாய்ப்பில்லை. கைதிகளின் பேச்சை நேச நாட்டு உளவுத்துறை ரகசியமாக ஒட்டுக்கேட்டு எழுதி வைத்த பதிவுகள் இருக்கின்றன. அதில் கட்சிக் கொள்கை பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஆயுதம், பதக்கம், பெண்கள் என்று போகும் பேச்சின் நடுவே, பொதுமக்களைச் சுட்டதும் சாதாரணமாக வந்து போகிறது. என்னை மிகவும் கலங்க வைத்தது அதுதான். கொள்கையை ஒப்பிக்கத் தெரியாதவர்களிடமும் யார் மனிதன், யார் மனிதனில்லை என்ற கட்சியின் கணக்கு இறங்கியிருந்தது.

கிழக்குப் போர்முனையில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். பிடிபடும் சோவியத் அரசியல் அதிகாரிகளைச் சுட்டுவிடச் சொல்லும் உத்தரவு 1941 ஜூன் 6 தேதியிட்டது. சோவியத் யூனியன் மீதான படையெடுப்பு தொடங்கவே இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஜெர்மானியர் பிடித்த சுமார் 57 லட்சம் சோவியத் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 33 லட்சம் பேர் பட்டினி, குளிர், நோய், துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். அந்த முகாம்களில் பெரும்பாலானவற்றை நடத்தியது ராணுவம்தான், எஸ்.எஸ். இல்லை.

"மறுத்திருந்தால் சுட்டிருப்பார்களே" என்று கேட்பார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது, சரி. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் கொல்லப்பட்டவர்கள் 48 பேர். இரண்டாம் உலகப் போரில் சுமார் 20,000. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் படையை விட்டு ஓடியது, மன உறுதியைக் குலைத்தது போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததற்காக ஒருவர் கொல்லப்பட்டதாக, போருக்குப் பிந்தைய வழக்குகளில் ஒரு உதாரணத்தைக்கூடக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்களால் காட்ட முடியவில்லை. சுட மறுத்தவர்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள், கோழை என்று திட்டினார்கள்.

யூதர்களைக் காப்பாற்றுவது வேறு, அதற்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. வியன்னாவில் ரேடியோ கடை வைத்திருந்த ஆன்டன் ஷ்மிட், லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் ஜெர்மன் ராணுவத்தில் ஒரு சார்ஜென்ட். வேலை அனுமதிச் சீட்டுகள் கொடுத்தும், ராணுவ லாரிகளில் ஏற்றி வேறு ஊர்களுக்கு அனுப்பியும் சுமார் 300 யூதர்களுக்கு உதவினார். 1942 ஏப்ரல் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தான் மனிதனாக மட்டுமே நடந்துகொண்டதாக மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் சொல்லியிருந்தார். ஒரு ஜெர்மன் ராணுவ முகாமுக்கு அவர் பெயரை வைத்தது 2000ஆம் ஆண்டில்தான்.