குடத்துக்குள் யாருடைய பெயர்?

கேள்வி: கிரேக்கர்கள் எப்போதோ ஓட்டுப் போட்டார்கள். நம் உத்திரமேரூரிலும் 1,100 வருடங்களுக்கு முன்பே தேர்தல் நடந்தது. அன்றைக்கு இருந்த உண்மையான மக்களாட்சியை நாம் தொலைத்துவிட்டோம். ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: ஒப்புக்கொள்ளவில்லை. உத்திரமேரூரில் யாரும் ஓட்டுப் போடவில்லை. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) நடந்ததைத் தெளிவாகச் சொல்கிறது. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் கையை விட்டு ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தி, சபை முன்னால் வாசிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்துவிடக் கூடாதல்லவா? எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! ஆனாலும் இது குலுக்கல்தான்.

சரி, ஓலையில் யார் பெயர் ஏறும்? வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். கூடுதலாகக் கற்றவருக்கு அதில் பாதி, அரைக்கால் வேலி போதும். அது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் தேர்வானார்கள். அந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட பெண்ணின் பெயரோ, அடுத்தவர் நிலத்தை உழுதவரின் பெயரோ குடத்துக்குள் போக வழியே இல்லை.

ஏதென்ஸில் நிஜமாகவே வாக்கெடுப்பு நடந்தது. ஏழைக் குடிமகனும் குன்றின் மேல் கூடிய சபையில் கை தூக்கலாம். அது பெரிய விஷயம்தான். ஆனால் தூக்கிய கைகள் எல்லாம் ஆண்களுடையவை. அடிமைகளுக்கும், அங்கேயே காலம் காலமாகக் குடியிருந்த அயலாருக்கும் இடமில்லை. கி.மு. 451-க்குப் பிறகு தாய், தகப்பன் இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடிமகன். அப்புறம் இன்னொன்று. யாரை நாடு கடத்தலாம் என்பதற்கும் அங்கே ஓட்டு உண்டு; பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள். தெமிஸ்டோகிளிஸ் என்ற ஏதென்ஸ் தலைவரை நாடு கடத்துவதற்காக அவர் பெயரைக் கீறிய சுமார் 190 பானை ஓடுகள் ஒரே கிணற்றில் கிடைத்தன. எழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தான். சிலர் உட்கார்ந்து மொத்தமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

தொடக்ககால ரோமில் 193 வாக்குப் பிரிவுகள் இருந்தன. அதில் 98, அதாவது பாதிக்கு மேல், வசதியானவர்களுடையவை. அவர்கள் ஒத்துப்போனால் ஏழைகளைக் கூப்பிடவே மாட்டார்கள்.

உத்திரமேரூரில் நான் வியப்பது வேறொன்றை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்தில் விழாது. அவருடைய மகன், மருமகன், மாமனார் பெயரும் விழாது. இதை இன்றைக்கும் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

மற்றபடி, 1946 தேர்தல் வரைகூட இங்கே பெரும்பாலும் சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. 21 வயதான எல்லாருக்கும் என்று ஆனது 1951-52-இல். அப்போதும் சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலில் விடுபட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே சொன்னதால். தொலைத்துவிட்டோம் என்கிறீர்களே, அந்தப் பெண்களிடம் தொலைப்பதற்கு என்ன இருந்தது?