கணவாயின் இப்பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஜூனில் நண்பர்கள் நால்வருடன், இமாச்சலப் பிரதேசத்தில் குலுவிலிருந்து லாஹௌலுக்குச் செல்லும் ஹம்ப்டா கணவாயைக் கடக்கச் சென்றிருந்தேன். மதுரையிலிருந்து கிளம்பிய மூன்றாம் நாள் இரவே கணவாய்க்குக் கீழுள்ள முகாமான பாலு கா கேராவில் கூடாரத்தில் இருந்தோம். அன்றிரவு தாங்க முடியாத தலைவலி, இருமுறை வாந்தி. விடிந்ததும் வழிகாட்டி ஓர் உதவியாளரைத் துணைக்குத் தந்து என்னைக் கீழே அனுப்பிவிட்டார். நண்பர்கள் கணவாயைக் கடந்து எடுத்த படங்களை இன்றுவரை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுபவன் நான். எங்கே தோற்றேன் என்று தெரியவில்லை. மீண்டும் செல்லலாமா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

முதலில் அந்த வழிகாட்டிக்கு நன்றி சொல்லுங்கள். உங்களுக்கு வந்தது உயரநோய்; தலைவலியும் வாந்தியும் கண்ட ஒருவர் மேலும் ஏறினால் மூளை வீங்கும் நிலை வரை அது முற்றக்கூடும். நடை தள்ளாடத் தொடங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இறங்குவதுதான் அதற்கு முதல் மருந்து.

உங்கள் ஓட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடல்மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து கிளம்பி, 2,050 மீட்டரிலுள்ள மணாலியில் ஓர் இரவுகூடத் தங்காமல், மூன்றாம் இரவே 3,600 மீட்டரில் படுத்திருக்கிறீர்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு மதுரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சு ஆழமாவதற்கும், அதற்கேற்பச் சிறுநீரகம் ரத்தத்தின் தன்மையைச் சீர்செய்வதற்கும் உடலுக்குச் சில நாட்கள் தேவை. எத்தனை நாட்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தான் உங்கள் நண்பர்கள் தப்பினார்கள். நல்ல உடற்பயிற்சி உள்ளவர்கள் களைப்பில்லாமல் வேகமாக ஏறிவிடுவதால், இந்நோயிடம் எளிதில் அகப்படுவதும் உண்டு.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'தோற்றேன்' என்ற சொல். கணவாய் சிகரமல்ல. மலைமேல் ஏறி நிற்பதற்காக யாரும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பள்ளத்தாக்கின் மக்கள் அடுத்த பள்ளத்தாக்கின் புல்லுக்கும் உப்புக்கும் உறவுக்கும் செல்ல, மலைத்தொடரில் உள்ளதிலேயே தாழ்ந்த இடத்தைத் தேடிப் போட்ட வழி அது. நீங்கள் திரும்பிய அதே பாலு கா கேராவில் ஒரு ஜூன் மாதத்தில் 'கத்தி' எனப்படும் இமாச்சல மேய்ப்பர் இனத்தைச் சேர்ந்த இடையர் ஒருவரைச் சந்தித்தேன். இடுப்பில் கம்பளிக் கயிற்றைச் சுற்றுச் சுற்றாகக் கட்டியிருந்தார். அதற்கு மேல் அங்கியின் மார்புப் பகுதிக்குள்ளிருந்து பிறந்து சில நாட்களேயான ஆட்டுக்குட்டியின் முகம் மட்டும் எட்டிப் பார்த்தது. அவர் தேநீர் குடித்தபோது குட்டி குவளையின் ஆவியை முகர்ந்தது. மூன்று நாட்களாக மந்தையுடன் அங்கேயே இருப்பதாகச் சொன்னார். "ஜோத் இன்னும் திறக்கவில்லை" என்றார். கணவாயை அவர்கள் ஜோத் என்பார்கள். ஆண்டுதோறும் அதைக் கடந்து லாஹௌலின் புல்வெளிகளுக்குச் செல்பவருக்கு அந்தக் காத்திருப்பில் எந்த அவமானமும் இல்லை.

நானும் திரும்பியவன்தான். லடாக்கின் ஜன்ஸ்காருக்குச் செல்லும் ஷிங்கு லா கணவாயின் மேல் சாலை வருவதற்கு முன்பு, லாஹௌலின் தார்ச்சாவிலிருந்து நடந்து, கணவாய்க்கு இப்பக்கமுள்ள ஜன்ஸ்கார் சும்தோவில் தங்கியிருந்தோம். இரவெல்லாம் பனி பெய்தது. காலையில் குதிரைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் சுமைகளை ஏற்றிக் குதிரைகளை வந்த வழியே திருப்பி நிறுத்தினார். எனக்குக் கோபம் வந்தது. மறு ஆண்டு அதே மனிதருடன் 5,000 மீட்டருக்கும் மேலுள்ள அந்தக் கணவாயை அடைந்தபோது, மந்திரக்கொடிகள் படபடத்த கற்குவியலின் முன் தொப்பியைக் கழற்றிவிட்டு "கி கி சோ சோ, லா கியாலோ" என்று உரக்கக் கூவினார். பொருள் கேட்டேன். தேவர்களுக்கே வெற்றி என்றார். லடாக்கிலும் ஜன்ஸ்காரிலும் கணவாயை அடையும் எவரும் கூவுவது இதைத்தான். ஏறி வந்தவரின் வெற்றியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. முந்தைய ஆண்டின் கோபம் எனக்கு அப்போதுதான் விட்டது.

கட்டாயம் மீண்டும் செல்லுங்கள். ஜூலை, ஆகஸ்டில் குலு பக்கம் மழை மிகுதி, செப்டம்பர் நல்லது. மணாலியில் இரண்டு இரவுகள், பாலு கா கேராவுக்கு முந்தைய முகாமான சிக்காவில் இரண்டு இரவுகள் தங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். சென்ற முறை நோய் கண்டவர் என்பதால், உயரநோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை தேவையா என்று கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். ஓடைகளை விடிகாலையில் கடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் பனி உருகி, காலையில் முழங்காலளவு இருந்த நீர் பிற்பகலில் ஆளை இழுக்கும்.

4,270 மீட்டரில் கணவாய் விளிம்பில் நின்று இருபுறமும் பாருங்கள். நீங்கள் வந்த பக்கம் முழுக்கப் பச்சையாக இருக்கும். மறுபக்கம் மழைமறைவுப் பிரதேசமான லாஹௌல்; பழுப்பும் சாம்பலுமாகப் பாறைச் சரிவுகள். அந்த இடையர் மூன்று நாட்கள் காத்திருந்தது அந்தச் சரிவுகளில் கோடையில் மட்டும் முளைக்கும் குட்டைப் புல்லுக்காகத்தான். கிளம்பும் முன் உங்கள் நண்பர்களின் படங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் எங்காவது ஒரு மந்தை தெரிந்தால் எனக்கும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்.