அம்மாவின் சனிக்கிழமைகளும் நூறு மைல் சரளையும்

கேள்வி: வயது 41. கேன்சஸ் மாநிலத்தில் ஓவர்லாண்ட் பார்க்கில் இருக்கிறேன். மூன்று வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். வாரம் இரண்டு தடவை, இண்டியன் கிரீக் பாதையில் ஒன்றரை மணி நேரம், சராசரி வேகம் 24 கி.மீ. போன வருடம் 38 மி.மீ. டயர் போட்ட, சரளைப் பாதைக்கான கிராவல் சைக்கிள் ஒன்று வாங்கினேன். எம்போரியாவில் நடக்கும் 'அன்பவுண்ட் கிராவல்' என்ற சரளைப் பாதை சைக்கிள் நிகழ்வில் 100 மைலுக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசனை. என்னைப் போன்ற சராசரி ஆள் கடைசியில் வந்து மானம் போய்விடுமோ என்று தயக்கம். மனைவிக்குச் சம்மதம். அவளுக்கு ஒரு சனி விட்டு ஒரு சனி மருந்துக்கடையில் வேலை இருக்கும். பயிற்சிக்கு நேரம் பிரச்சினை இல்லை. அப்பா தவறி ஒரு வருடம் ஆகிறது. அம்மா தனியாக இருக்க வேண்டாமென்று பிப்ரவரி நடுவில் ஆறு மாதத்துக்கு அழைத்து வருகிறேன். மூட்டுவலி உண்டு, ஆனாலும் மூன்று வயதுப் பையனைப் பார்த்துக்கொள்வார். என்ன சொல்கிறீர்கள்?
— பெயர் வேண்டாம், ஓவர்லாண்ட் பார்க்

பதில்: மானம் போகுமா என்ற கேள்வியை முதலில் தூக்கிப் போடுங்கள் தம்பி. 2006-இல் 34 பேர் ஓட்டிய நிகழ்வு அது. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், அதில் பரிசுக்கு ஓட்டுகிறவர்கள் ஒரு கைப்பிடி. மற்ற எல்லோரும் உங்களைப் போல அலுவலகம் போய்வருகிறவர்கள்தான். நீங்கள் எத்தனாவதாக வந்தீர்கள் என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரம் கிடையாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. "அம்மா தனியாக இருக்க வேண்டாமென்று" அழைத்து வருகிறீர்கள். அதே மூச்சில் "பையனைப் பார்த்துக்கொள்வார்" என்கிறீர்கள். மனைவிக்குச் சம்மதம் என்று எழுதத் தோன்றிய உங்களுக்கு அம்மாவைக் கேட்டதாக ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. பயிற்சிக்கு நேரம் பிரச்சினை இல்லை என்கிறீர்களே, அந்த நேரம் யாருடையது?

கணக்குப் போடுவோம். பிப்ரவரி நடுவிலிருந்து ஆறு மாதம் என்றால் இருபத்தாறு சனிக்கிழமை. நிகழ்வு மே கடைசியை ஒட்டி வரும். அதுவரைக்கும் பதினைந்து சனிக்கிழமை. 100 மைலுக்குத் தயாராக வேண்டுமானால் சனிக்கிழமை ஓட்டம் மூன்று மணி நேரத்தில் தொடங்கி, ஏப்ரலில் ஐந்தாகி, மே முதல் பாதியில் ஆறு, ஏழு மணி நேரத்தைத் தொட வேண்டும். சைக்கிளைக் காரில் ஏற்றி மயாமி கவுண்டிப் பக்கத்து மண்பாதைக்குப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. திரும்பி வந்து சேறு கழுவ அரை மணி. அதற்கப்புறம் சோபாவில் சாய்ந்தால் நீங்கள் எழுந்திருக்கப் போவதில்லை, ஆறு மணி நேரம் ஓட்டிய எவரும் எழுந்திருப்பதில்லை. ஆக சனிக்கிழமை முழுக்கப் போயிற்று. புருஷனை இழந்து முதல்முறையாக மகன் வீட்டுக்கு வருகிறவருக்கு நீங்கள் தருவது, பாதிக்கு மேல் சனிக்கிழமைகளில் சமையலறையும் ஒரு மூன்று வயதுப் பிள்ளையும்.

மனைவிக்கு வேலை இருக்கும் சனிக்கிழமைகளை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளியே பிப்ரவரிக் குளிர். அம்மாவுக்கு அநேகமாகக் கார் ஓட்டத் தெரியாது. நடந்து போய்ப் பார்க்க அந்தக் குடியிருப்பில் கடையும் இல்லை, தெருவில் மனிதரும் இல்லை. பையன் அநேகமாக ஆங்கிலத்தில் பேசுவான். பிள்ளை மாடிப்படியில் உருண்டு விழுந்தால் 911-ஐ அழைத்து அவர் என்ன சொல்வார்? உங்களை அழைப்பார். நீங்களோ கைபேசிக்கு சிக்னல் இல்லாத ஏதோ ஒரு மேட்டில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பாட்டி பேரனோடு இருப்பது தவறென்று நான் சொல்லவில்லை. அதைவிட நல்லது இரண்டு பேருக்கும் கிடையாது. நீங்களும் பக்கத்தில் இருக்கும்போது அது உறவு. நீங்கள் வீட்டை விட்டுப் போவதற்காகவே அவரை உட்கார வைத்தால் அதற்குப் பெயர் வேலை, அதுவும் சம்பளமில்லாத வேலை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

அதனால் 100 வேண்டாம். 50 மைலுக்குப் பெயர் கொடுங்கள், இந்த வருடம் அதுதான் உங்கள் தூரம். அம்மாவுக்காக நீங்கள் செய்யும் தியாகம் என்று இதை நினைத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் காலுக்கும் இதுதான் சரி. தார்ப்பாதையில் 24 ஓட்டுகிறவர் அந்தச் சரளையில் 18 ஓட்டினால் பெரிது. நூறு மைல், அதாவது 160 கி.மீ., பெடல் மட்டுமே ஒன்பது மணி நேரம். தண்ணீருக்கு நிற்பது, பஞ்சர், இறங்கித் தள்ளுவது எல்லாம் சேர்ந்தால் பத்தைத் தாண்டும். வாரம் மூன்று மணி நேரம் ஓட்டும் உடம்பு அதைத் தாங்காது. முதலில் போவது கால் என்று நினைப்பீர்கள். கை விரல் மரத்துப்போகும், கழுத்து பிடிக்கும், உட்காரும் இடம் புண்ணாகும், கால் அதற்கும் பிறகுதான். ஐம்பது மைல் நாலரை மணி நேரம், நின்று நின்று போனாலும் ஐந்தரை. அதற்கு மூன்றரை மணி நேர ஓட்டத்தை இரண்டு மூன்று தடவை செய்து பார்த்திருந்தால் போதும்.

அந்தப் பயிற்சியை இன்றைக்கே தொடங்குங்கள். பிப்ரவரி நடுப்பகுதி வரைக்கும் உள்ள வாரங்கள்தான் முழுக்க உங்களுடையவை. வாரநாளில் இரண்டு தடவை, பையன் தூங்கிய பிறகு வீட்டுக்குள்ளேயே டிரெய்னரில் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) ஒரு மணி நேரம். அதில் ஒரு நாள் எட்டு நிமிடம் மூச்சு வாங்க மிதித்து நாலு நிமிடம் தளர்த்துங்கள், இப்படி மூன்று சுற்று. நிகழ்வு நடக்கும் ஃப்ளின்ட் ஹில்ஸ் பகுதியில் மலை கிடையாது, ஒன்று முடிந்தால் ஒன்று என்று சின்னச் சின்ன மேடுகள் ஓயாமல் வரும். இந்தப் பயிற்சி அதற்கானது. வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம்: ஒன்றே முக்கால் மணியில் தொடங்கி வாரம் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள், நாலாவது வாரம் குறையுங்கள். அம்மா வந்த பிறகு நீண்ட ஓட்டம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அதுவும் மனைவி வீட்டிலிருக்கும் சனிக்கிழமை மட்டும். விடிவதற்கு முன் கிளம்புங்கள், பத்தரைக்கு வீட்டில் இருங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தொடவே கூடாது. ஷானியில் இருக்கும் கோயிலுக்கு அம்மாவை யார் அழைத்துப் போவது?

சைக்கிளுக்கு வருகிறேன். உங்கள் 38 டயரை மாற்ற வேண்டும். ஃப்ளின்ட் ஹில்ஸ் என்ற பெயரிலேயே காரணம் இருக்கிறது, ஃப்ளின்ட் என்றால் சிக்கிமுக்கிக்கல். அங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள் சிக்கிமுக்கிக்கல் அடுக்கடுக்காக இருக்கிறது. சுண்ணாம்பு கரைந்து போகும், சிக்கிமுக்கி கரையாமல் மேலே நிற்கும். அந்தக் கல்லால்தான் அங்கே ஏர் ஓட்ட முடியாமல் புல்வெளி பிழைத்தது, அதே கல்தான் டயரின் பக்கவாட்டைக் கத்தி போலக் கீறும். 42 அல்லது 45 மி.மீ., பக்கச்சுவரில் கூடுதல் காப்பு உள்ள டியூப்லெஸ் டயர் போடுங்கள். வாங்கும் முன் சைக்கிளின் சட்டத்துக்கும் (ஃப்ரேம்) டயருக்கும் இடையே இரண்டு பக்கமும் ஐந்து மி.மீ.யாவது இடைவெளி நிற்குமா என்று அளந்து பாருங்கள். இல்லையென்றால் சேற்றில் சக்கரமே சுற்றாது. ஓட்டையைத் தானே அடைக்கும் திரவமான சீலன்ட் ஒரு டயருக்கு 60 முதல் 90 மி.லி. பிப்ரவரியில் ஊற்றியதை நம்பி மே மாதம் போகாதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது உள்ளே காய்ந்து தோலாக ஒட்டிக்கொள்ளும், ஓட்டை விழும்போது அடைக்க ஒன்றும் இருக்காது. ஒரு வாரம் முன்பு திறந்து பார்த்து மறுபடி ஊற்றுங்கள். காற்று 35 பிஎஸ்ஐயில் தொடங்கி, பயிற்சியில் இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். கல்லில் ரிம் 'டக்' என்று இடித்தால் அதிகம் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

பையில் இருக்க வேண்டியவை: டியூப் இரண்டு, டயர் பிளக், கிழிந்த பக்கச்சுவருக்கு உள்ளே வைக்க ஒரு கனத்த துண்டு (காலி பற்பசை டியூபை வெட்டி வைத்தாலும் ஆகும்), கைப்பம்பு, செயின் அறுக்கும் கருவியோடு கூடிய மல்டி டூல், செயின் இணைப்பு ஒன்று, பின் டிரெய்லியரை (கியர் மாற்றும் பாகம்) சட்டத்தோடு பிடிக்கும் ஹேங்கர், உங்கள் சட்டத்துக்குப் பொருந்துவது ஒன்று. ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும், அதை எம்போரியா போய்த் தேட முடியாது. இதோடு பெயின்ட் கலக்கும் மரக்குச்சி ஒன்று. சிரிக்காதீர்கள். மழை பெய்தால் அங்கே பராமரிப்பில்லாத மண்பாதைகள் வேர்க்கடலை வெண்ணெய் மாதிரி ஆகிவிடும், அங்குள்ளவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். 2023-இல் தொடங்கிப் பத்துப் பதினோரு மைலிலேயே அந்தச் சேறு. பந்தய வீரர்களே சைக்கிளைத் தோளில் போட்டு நடந்தார்கள். அப்போது செய்யக் கூடாதது ஒன்றுதான், அழுத்தி மிதிப்பது. சேறும் புல்லும் செயினோடு போய்ப் பின் டிரெய்லியரில் சுற்றி, ஹேங்கர் முறிந்து, டிரெய்லியர் சக்கரத்துக்குள் விழும். அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. சேறு தெரிந்தவுடன் இறங்குங்கள். பாதையை விட்டு ஓரப் புல்லில் தூக்கிக்கொண்டு நடங்கள், குச்சியால் சுரண்டுங்கள்.

தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கு வையுங்கள். மே கடைசியில் வெயில் முப்பது டிகிரியைத் தாண்டலாம், தெற்குக் காற்று அடிக்கும், ஒதுங்க ஒரு மரம் இருக்காது. முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டும் முதுகுப்பையில் மூன்று லிட்டரும் போதும். உப்பு மறக்க வேண்டாம். சாப்பாட்டில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று குறி வையுங்கள். இட்லியும் நல்ல தீனிதான், எண்ணெயும் பொடியும் தடவாமல் இருந்தால். எண்ணெய் வயிற்றில் நின்றுவிடும். ஆனால் சின்ன இட்லி ஒன்றில் பத்து கிராம் அளவுதான் தேறும், மணிக்கு ஆறு இட்லியை யாரும் சரளையில் தின்ன முடியாது. ஒன்றிரண்டு இட்லி, பேரீச்சம்பழம், மீதி தண்ணீரில் கரைத்த மாவுச்சத்துப் பானப் பொடி. எதையும் முதல்முறையாக அன்றைக்குச் சாப்பிடாதீர்கள். அந்த இட்லியையும் முதல் நாள் இரவே நீங்களே அவித்து வையுங்கள். நீங்கள் கேட்காமலே அம்மா நாலரை மணிக்கு எழுந்து அடுப்புப் பற்ற வைப்பார், அதையும் உங்கள் 'பிரச்சினை இல்லை' கணக்கில் சேர்த்துக்கொள்வீர்கள்.

கைகால் பழக நிஜச் சரளையில் இரண்டு தடவையாவது ஓட்ட வேண்டும். அதற்கு ஏப்ரல் கடைசியிலும் மே நடுவிலும் குடும்பத்தோடு ஃப்ளின்ட் ஹில்ஸில் இருக்கும் காட்டன்வுட் ஃபால்ஸ் என்ற ஊருக்குப் போங்கள். மார்ச்சிலும் ஏப்ரல் முதல் பாதியிலும் வேண்டாம். பண்ணைக்காரர்கள் பழைய புல்லை எரிப்பார்கள், புகையில் மூச்சு முட்டும். அங்கே 1873-இல் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் ஸ்ட்ராங் சிட்டியை ஒட்டி அரசு காக்கும் உயரப்புல் பூங்காவில் காட்டெருமை மந்தை மேய்கிறது. காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை நீங்கள் ஓட்டுங்கள், அவர்கள் அறையில் நிதானமாக எழுந்து குளிக்கட்டும். மீதி நாள் அவர்களோடு சுற்றுங்கள். ஓட்டும்போது மாடு தாண்டாமல் இருக்கப் பாதையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். அதை நேராக, பிரேக் தொடாமல், சீட்டிலிருந்து லேசாக எழும்பிக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முன்சக்கரம் கம்பிக்கிடையில் வழுக்கும்.

இடம் கிடைப்பது குலுக்கலைப் பொறுத்தது, அது உங்கள் கையிலும் இல்லை என் கையிலும் இல்லை. பெயர் கொடுக்கும் முன் இன்றிரவே அம்மாவுக்குப் போன் போடுங்கள். "அம்மா, நீங்க இருக்கும்போது மாசத்துல ரெண்டு சனிக்கிழமை காலைல நான் சைக்கிள் ஓட்டப் போவேன், சரியா?" என்று கேளுங்கள். சரி என்றுதான் சொல்வார், எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். அதற்கப்புறம் கொஞ்சம் பேசாமல் இருங்கள், அடுத்து அவர் என்ன கேட்கிறார் என்று காத்திருங்கள். அவர் ஊரிலிருந்தே மனதில் வைத்திருப்பது எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதாக இருக்கலாம். அதைக் குறித்துக்கொண்டு முதலில் அதற்குத் தேதி போடுங்கள்.

குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்தால் அன்றைக்கே அறை பிடியுங்கள். அந்த வாரம் எம்போரியாவில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஓட்டம் முடியும் கமர்ஷியல் தெருவில் நிழலான பக்கமாகப் பார்த்து அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். அறை எடுக்கும்போது தரைத்தளம் கேளுங்கள், மூட்டுவலி என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்.